வெளியூர் மேட்ச் பாக்கப் போற செலவு ஏன் இவ்ளோ ஏறுது?

கடலூர்ல இருந்து நம்ம சென்னை கால்பந்து டீம் 'சென்னையின் எஃப்சி' ஆடுற மேட்ச் பாக்க கொச்சி, பெங்களூருன்னு போனா ஏன் பர்ஸ் காலியாகுதுன்னு கேட்டிருக்கீங்க. ஸ்டேடியம் டிக்கெட் சின்ன விஷயம்ங்க, பயணம்தான் காச தின்னுது. ரயில்ல 60 நாளைக்கு முன்னாடியே புக் பண்ணலாம், ஆனா மேட்ச் தேதி லேட்டா வந்தா ஸ்லீப்பர் எல்லாம் வெயிட்டிங் லிஸ்ட்ல போயிடும், அப்புறம் தட்கல், அதுவும் கிடைக்கலன்னா ஆம்னி பஸ், லீவு நாள்ல அவங்க வச்சதுதான் ரேட்டு. ராத்திரி ஏழரைக்கு ஆரம்பிச்சா முடியவே ஒம்பதரை ஆயிடும், வண்டிய விட்டா ரூம் வாடகை வேற.

இங்கிலாந்துல பிரீமியர் லீக் கிளப்புங்க 2016-17 சீசன்ல இருந்து வெளியூர் ரசிகர் டிக்கெட்டுக்கு 30 பவுண்டுக்கு மேல வாங்கக்கூடாதுன்னு வச்சிருக்காங்க, ரொம்ப நல்ல விஷயம். ஆனா அங்கயும் டிவிக்காக மேட்ச் நேரத்த மாத்தினா முன்கூட்டி எடுத்த ரயில் டிக்கெட் வீண்தான். அதனால தேதிய சீக்கிரம் சொல்லி மாத்தாம இருந்தாலே பாதி செலவு குறையும்னு நான் உறுதியா நம்புறேன், தினக்கூலிக்குப் போற பசங்களும் கேலரில உக்காரணும்ங்க. இப்போதைக்கு நாலஞ்சு பேர் சேர்ந்து ஒரே கார்ல பெட்ரோல பங்கு போட்டுட்டுப் போங்க.