சபைக்குப் போறன், உபவாசம் இருக்கிறன், ஆனா வளர்ந்த மாதிரித் தெரியேல்ல. கனி குடுக்கிற வாழ்க்கை எண்டா என்ன?

ஞானஸ்நானம் எடுத்துக் கன வருஷமாச்சு, ஞாயிறும் தவறவிடுறதில்லை, வெள்ளி உபவாச ஜெபத்துக்கும் போறன், எண்டாலும் உள்ளுக்க ஒண்டும் மாறின மாதிரி இல்லையே எண்டு கேட்டிருக்கிறீங்கள். நான் கிளிநொச்சிப் பக்கம், சின்னச் சபை ஒண்டில ஞாயிறு பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறன், எனக்கு விளங்கினதைச் சொல்லுறன்.

கனி எண்டா என்ன எண்டு பாக்க, பவுல் கலாத்தியா சபையளுக்கு எழுதின கடிதத்தில, கலாத்தியர் 5ஐ 22ம் வசனத்தில தொடங்காதேங்கோ, 15ல இருந்து வாசியுங்கோ. அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம் எண்டு ஆவியின் கனி ஒன்பதும் எங்கட பிள்ளையளுக்குப் பாடம், ஆனா பவுல் அதை ஆருக்கு எழுதினவர்? ஒருத்தரை ஒருத்தர் கடிச்சுப் பட்சிக்காதேங்கோ எண்டு எச்சரிக்க வேண்டிவந்த சபைக்கு. மாம்சத்தின் கிரியை எண்டு அவர் போட்ட பட்டியலிலயும் பகை, விரோதம், கோபம், சண்டை, பிரிவினை, பொறாமை எண்டு சனத்துக்குச் சனம் செய்யிறதுதான் கனக்க. அப்ப கனியைத் தேட வேண்டிய இடமும் அதுதான், வீடும் அயலும்.

எங்கட சபையில ஒரு அம்மா இருக்கிறா. போர் முடிஞ்சு மீள்குடியேறி வரேக்க காணியில வேலி எண்டு ஒண்டுமே இல்லை, பழைய கதியால், வேலிக்கு நட்ட மரம் கூட மிஞ்சேல்ல, பக்கத்துக் காணிக்காரர் புதுசா அடைக்கேக்க இவவின்ர பக்கம் தள்ளி அடைச்சுப்போட்டினம். அவ வாய் பொத்திக்கொண்டு இருக்கேல்ல, காணி உறுதிப் பத்திரத்தைக் கொண்டுபோய் விதானையாரிட்ட, கிராம சேவகரிட்டக் காட்டி, அளக்கச் சொல்லிக் கேட்டா, அந்த அலுவல் இழுபட்டுக்கொண்டு போச்சு. ஆனா கிணறு இவவின்ர காணியில, அந்த வீட்டுப் பிள்ளையள் தண்ணி அள்ள வாற வேலிப் பொட்டை, வேலியில விட்ட அந்த வழியை அவ ஒருநாளும் அடைக்கேல்ல. சொந்தக்காரர் வந்து அடை எண்டு நிண்டவை, "பிள்ளையளுக்கும் எல்லைக்கும் என்ன" எண்டு கேட்டுப்போட்டு விட்டிட்டா. சபையில பின்னுக்கு இருக்கிறவ, சாட்சி சொல்லச் சொன்னாலும் எழும்பமாட்டா. நீடிய பொறுமை, சாந்தம் எண்டு பிள்ளையளுக்குச் சொல்லேக்க எனக்கு அந்தப் பொட்டுத்தான் ஞாபகம் வாறது.

வீடு கட்டினது, பிள்ளை வெளிநாடு போனது எல்லாம் ஆசீர்வாதம் எண்டு நன்றி சொல்லலாம், சொல்லவும் வேணும். அதையே கனி எண்டு சொன்னா 2009 போரில எல்லாத்தையும் இழந்த சனத்துக்கு நாங்கள் என்ன சொல்ல வாறம்? யோவான் 15ல கனி குடுக்கிற கொடியைப் பிதா வெட்டிச் சுத்தம்பண்ணுறார் எண்டு இருக்கிறதை எடுத்து, பிள்ளையைப் பறிகுடுத்த தாயிட்டப் போய் "கர்த்தர் உங்களைச் சுத்தம்பண்ணுறார்" எண்டு சொல்லுறவையும் இருக்கினம், அது எனக்குப் பொறுக்க ஏலாத விஷயம். அடுத்த வசனத்தையே வாசியுங்கோ, நான் சொன்ன உபதேசத்தாலே நீங்கள் சுத்தமாயிருக்கிறீங்கள் எண்டு இயேசு சீஷரிட்டச் சொல்லுறார். வசனம் எங்களில வெட்டுறதை வெட்டட்டும், மற்றவையின்ர சாவுக்கு விளக்கம் குடுக்கிற வேலை எங்களுக்கு வேண்டாம்.

வளர்ச்சி தெரியேல்ல எண்டதுக்குப் பயப்படாதேங்கோ. மாற்கு 4ல விதைச்சவன் நித்திரை கொண்டு எழும்புறான், பயிர் எப்பிடி வளருது எண்டு அவனுக்கே தெரியாது, முதல்ல முளை, பேந்து கதிர், பேந்துதான் கதிரில தானியம். காலபோகத்துக்கு, மாரி நெல்லுக்கு விதைச்சுப்போட்டு நாள்தோறும் வரம்பில நிக்கிற ஆளுக்குப் பயிர் அப்பிடியே நிக்கிற மாதிரித்தான் இருக்கும், ரெண்டு கிழமை வவுனியாவில நிண்டிட்டு வாறவர்தான் "இவ்வளவு வளர்ந்திட்டுதே" எண்டுவார். அதால உங்கட மனசை நீங்களே தோண்டிக்கொண்டு இருக்காம, மனிசியிட்ட, இல்லாட்டி கூட வேலை செய்யிற ஒருத்தரிட்ட, "முந்தி மாதிரிக் கோவிக்கிறனா, சொன்ன சொல்லைக் காப்பாத்துறனா" எண்டு கேளுங்கோ. கேட்ட பிறகு வாதாடாதேங்கோ.

ஜெபத்தை விடச் சொல்லேல்ல. என்னில நிலைச்சிருக்காட்டி உங்களால ஒண்டும் செய்ய ஏலாது எண்டு சொன்னவரும் இயேசுதான், ஜெபமும் வசனமும் இல்லாம நிலைச்சிருக்கிறது எப்பிடி? ஆனா மத்தேயு 5ல காணிக்கையைப் பலிபீடத்துக்கு முன்னால வச்சிட்டு முதல்ல போய்ச் சகோதரனோட ஒப்புரவாகு எண்டும் சொல்லியிருக்கிறார். கதைக்காம விட்ட சொந்தம் ஆரும் இருந்தா இந்த வெள்ளிக்கு முதல் ஒருக்கா போய்க் கதையுங்கோ. அவை முகம் குடுக்காட்டியும் பரவாயில்லை, போட்டு வந்து உபவாசத்துக்குப் போங்கோ.