27 அடியா, 38 அடியா? பழைய பாய்ப்படகு வாங்க நினைப்போரின் கேள்விகள்

ஹட்டனைச் சேர்ந்த ஒருவரின் மைத்துனர் மலேசியாவில், லங்காவியில் வேலை செய்கிறார். அங்கே விற்பனைக்கு இருக்கும் இரண்டு பழைய பாய்ப்படகுகளில் ஒன்றைக் கூட்டாக வாங்கி, காலித் துறைமுகத்துக்கு ஓட்டிவர இருவரும் நினைக்கிறார்கள். ஒன்று 1974இல் கட்டிய 27 அடி அல்பின் வேகா. மற்றது 38 அடி, அதைவிடப் பதினைந்து வயது இளையது. படகுத்துறைகளில் வேலை பார்த்துவிட்டு இப்போது பண்டாரவளையில் இருக்கும் என்னிடம் அவர் கேட்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தேயிலை மலையில் உட்கார்ந்து கடற்கதை பேசுகிறான் என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கட்டும்.

ஹட்டன்: ஐயா, இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலைதான் சொல்கிறார்கள். அப்படியென்றால் பெரியதை வாங்குவதுதானே புத்திசாலித்தனம்?

அந்த ஒரே விலைதான் என்னை உறுத்துகிறது. நல்ல நிலையில் உள்ள 38 அடிப் படகை 27 அடியின் விலைக்கு யாரும் விற்பதில்லை. மீதிப் பணத்தை நீங்கள் பிறகு கட்டப்போகிறீர்கள், பழுதுபார்ப்பவர்களிடம்.

நீளத்தைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். வேகா சுமார் 2.3 தொன். 38 அடிக் கடற்பயணப் படகு சாதாரணமாக ஏழு, எட்டு தொன். நீளம் ஒன்றரை மடங்குகூட இல்லை. எடை மூன்று மடங்குக்கு மேல். பாய், கயிறு, நங்கூரம், எஞ்ஜின் எல்லாம் எடையின் பின்னால்தான் போகும். நங்கூரச் சங்கிலியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சின்னதற்கு 8 மில்லிமீற்றர் போதும். 50 மீற்றர் சுமார் 70 கிலோ, கையால் இழுத்துவிடலாம். பெரியதற்கு 10 மில்லிமீற்றர் வேண்டும். அதே நீளம் 110 கிலோவைத் தாண்டும். அதை இழுக்க மின்சாரச் சுழலி, சுழலிக்குப் பெரிய பற்றரி, பற்றரிக்குத் தடித்த வயர். ஒரு சங்கிலியில் தொடங்கியது எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

தலவாக்கலை: எது வேகமாக ஓடும்?

பெரியது. நீர்மட்டத்தில் படகு எத்தனை அடி நீளமோ, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் அதிகபட்ச வேகம் நொட் கணக்கில், அதாவது மணிக்கு இத்தனை கடல் மைல் என்று, கிடைக்கும். வேகாவுக்கு 23 அடி, ஆகவே 6.4 நொட். மற்றதற்கு 31 அடி என்று வைத்துக்கொண்டால் 7.5.

நாள் முழுவதும் அந்த வேகத்தில் யாரும் போவதில்லை. சராசரியாக 4.5, 6 என்று வைத்துப் பாருங்கள். லங்காவியிலிருந்து காலிக்குச் சுமார் 1,200 கடல் மைல். சின்னது பதினொரு நாள், பெரியது எட்டு நாளும் கொஞ்சமும். மூன்று நாள் முந்தி வருவதற்காக மூன்று மடங்கு எடையைக் கட்டி மேய்க்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. எதில் வந்தாலும் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் வடகீழ்ப் பருவக்காற்றில் வந்துவிடுங்கள். மே மாதம் தென்மேல் காற்று தொடங்கினால் காலிப் பக்கம் கொந்தளிக்கும்; அதற்கு முன் படகைத் திருகோணமலைக்கு மாற்றிவிட வேண்டும்.

ஹட்டன், முதலில் கேட்டவரின் மனைவி: சின்னப் படகில் நடுக்கடலுக்குப் போவது ஆபத்தில்லையா அண்ணா?

நியாயமான பயம், தங்கச்சி. ஆனால் மேட் ரதர்ஃபோர்ட் என்ற அமெரிக்கர் 2011–12இல் இரு அமெரிக்கக் கண்டங்களையும் எங்கும் கரையேறாமல் தனியாகச் சுற்றிவந்தது இதே அல்பின் வேகா 27இல்தான். பெரிய படகு அலையில் குறைவாகக் குலுங்கும், நல்ல சமையலறை இருக்கும், தண்ணீர் நிறையப் பிடிக்கும். இவையெல்லாம் சௌகரியம், பாதுகாப்பு வேறு.

இருவர் மட்டும் போனால் ஒருவர் தூங்கும்போது மற்றவர் காவல். அதாவது எந்த நேரமும் படகில் ஓர் ஆள்தான். நள்ளிரவில் காற்று ஏறினால் அந்த ஓர் ஆள் பாயைச் சுருக்க வேண்டும். 27 அடியில் அது ஒருவருக்கு முடிகிற வேலை. பழக்கமில்லாதவருக்கு 38 அடியின் பாய் சண்டைக்கே வரும்.

நுவரெலியா: கிரகரி வாவியில் இதைக் கொண்டுவந்து விட முடியுமா?

ரம்பொட வளைவுகளில் 38 அடிப் படகோடு லொறி திரும்புவதைப் பார்க்க நானும் வருகிறேன். வாவிக்கு லேசர் போன்ற சின்னப் பாய்ப்படகு பார்க்கலாம்: 4.2 மீற்றர், உடல் 59 கிலோ, இரண்டு பேர் தூக்கிவிடலாம். மலைகளுக்கு நடுவில் காற்று திசை மாறி மாறி அடிக்கும், கவிழ்வீர்கள். தண்ணீர் குளிரும்.

பதுளை: பழைய படகைப் பார்க்கப் போகிறவர் எதைச் சோதிக்க வேண்டும்?

முதல் வேலை, எஞ்ஜினில் கை வைப்பது. சூடாக இருந்தால், நீங்கள் வருமுன் விற்பவர் அதை ஓட்டிவைத்திருக்கிறார். குளிர்ந்த எஞ்ஜினைக் கிளப்பிப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

பிறகு சின்ன பிளாஸ்டிக் சுத்தியலால் மேல்தளத்தை அடி அடியாகத் தட்டிக்கொண்டே போங்கள். ‘டக், டக்’ என்று கேட்கும் வரை சரி. ஓர் இடத்தில் ‘தொப்’ என்று சத்தம் செத்துப்போனால், இரண்டு பைபர் தோல்களுக்கு நடுவில் உள்ள பல்சா மரம் ஊறிவிட்டது. பாய்மரக் கம்பிகளைப் படகோடு பிணைக்கும் எஃகுப் பட்டைகளுக்குக் கீழே, உள்பக்கச் சுவரில், பழுப்பு நிறக் கண்ணீர்க் கோடு தெரிகிறதா பாருங்கள். அது பல வருட ஒழுக்கு. அந்தக் கம்பிகளைக் கடைசியாக மாற்றிய ரசீதைக் கேளுங்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் தாண்டியிருந்தால் புதிதாகவே மாற்ற வேண்டும் என்று கணக்கில் எழுதுங்கள். 38 அடிக்கு அது சின்னத் தொகை அல்ல.

பெரிய படகில் எஞ்ஜினின் கால், அதாவது உந்துவிசிறியைத் தாங்கும் பகுதி, அடித்தளத்தைத் துளைத்து நேராகக் கீழே இறங்குகிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் துளையை அடைத்திருப்பது ஒரு ரப்பர் வளையம். ஏழு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது படகு எஞ்ஜின் செய்யும் வொல்வோ. தேதி சொல்லத் தெரியாதவரிடம் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

ஹட்டன், மறுபடியும்: மைத்துனரின் நண்பர் நல்ல மெக்கானிக். அவர் பார்த்தால் போதாதா? பரிசோதகருக்குக் கொடுக்கும் பணம் மிச்சமாகுமே.

எஞ்ஜினுக்குப் போதும். படகின் உடலுக்குப் போதாது. படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, ஈரமானி வைத்து, கீல், அதாவது படகின் அடியில் தொங்கும் கனமான துடுப்பு, உடலோடு சேரும் இணைப்பைப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். தூக்கும் செலவு வழக்கமாக வாங்குபவருடையது, கொடுத்துவிடுங்கள். 38 அடிக்காரர் தூக்கிக் காட்டவே சம்மதிக்கவில்லை என்றால், பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு வேகாக்காரருக்குத் தொலைபேசி எடுங்கள்.