ஒரு எம்.பி.யின் ஒரு வாரம் உண்மையில் எப்படிப் போகும்?

நாடாளுமன்றம் நடக்காத நாட்களில் எம்.பி.க்கு என்னதான் வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். இராமநாதபுரம் தொகுதியில் ஒரு எம்.பி. அலுவலகத்தில் சில ஆண்டுகள் உதவியாளராக இருந்தேன். யார், எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் எங்கள் கடற்கரையில் வாரம் பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

எங்கள் வாரம் கடலைப் பார்த்து நடக்கும். ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று மூன்று நாள் தொழிலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. மீன்வளத் துறையில் டோக்கன், அதாவது கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டு, வாங்கிக்கொண்டு கிளம்பினால் மறுநாள் காலையில்தான் கரை. அதனால் செவ்வாய், வியாழன், ஞாயிறு விடியற்காலையில் போன் அடித்தாலே வயிற்றைப் பிசையும். "தம்பி, படகைப் பிடிச்சுட்டாங்களாம்" என்பார்கள். பிடிப்பது இலங்கைக் கடற்படை.

அந்த நிமிஷம் தொடங்குகிற வேலையைத்தான் நான் முதலில் சொல்ல வேண்டும். படகின் பதிவு எண், உரிமையாளர் பெயர், உள்ளே இருந்தவர்களின் பெயர், வயது, தகப்பன் பெயர், ஊர். இவ்வளவும் கைக்கு வந்த பிறகுதான் வெளியுறவு அமைச்சருக்குக் கடிதம் போகும். ஒருமுறை தங்கச்சிமடத்திலிருந்து ஒரு அம்மா மகனுடைய ஆதார், ரேஷன் கார்டு, மீனவர் அடையாள அட்டை மூன்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்தார். பையனின் பெயர் அந்தோணி. ஆதாரில் ஆங்கில எழுத்து ஒன்று கூடுதலாக இருந்தது, ரேஷன் கார்டில் இல்லை, அடையாள அட்டையில் தகப்பன் பெயரே முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தது. யாழ்ப்பாணத்திலிருக்கும் இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் போகிற பட்டியலில் ஒரு பெயரும் இலங்கைச் சிறையில் வேறொரு பெயரும் இருந்தால் ஆளைத் தேடுவதிலேயே நாள் போய்விடும். மூன்றையும் மேஜையில் பரப்பி, மூன்று எழுத்துமுறையையும் கடிதத்தில் குறிப்பிட்டு அடித்தேன். அந்த அம்மா கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "மன்னாருக்குக் கொண்டுபோயிருக்காங்களா, காங்கேசன்துறைக்கா?" எந்த நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள் என்பது அதை வைத்துத்தான். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இதெல்லாம் மனப்பாடம் ஆகிப்போனதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

எம்.பி.க்கு யாருக்கும் உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. இது பலருக்குத் தெரியாது. மாநில அரசின் தாசில்தாரையோ, ரயில்வே அதிகாரியையோ அவர் கேட்கலாம், எழுதலாம், திரும்பத் திரும்ப எழுதலாம். அவ்வளவுதான். அந்தத் திரும்பத் திரும்ப என்பதில்தான் வாரத்தின் பெரும்பகுதி போகிறது.

சரி, டெல்லி. 17ஆவது மக்களவை (2019-24) ஐந்து ஆண்டுகளில் 274 நாள்தான் கூடியது. ஆண்டுக்குச் சராசரியாக 55 நாள். அந்த நாட்களில் காலை 11 மணிக்குக் கேள்வி நேரம், 12 மணிக்குப் பூஜ்ய நேரம், அதாவது அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் நேரம். கேள்வி கேட்க வேண்டுமென்றால் குறைந்தது 15 நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். அமைச்சர் சபையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் நாளொன்றுக்கு 20, எழுத்து மூலம் பதில் வருபவை 230. அதற்கும் குலுக்கல் உண்டு. விசைப்படகு பற்றி நாங்கள் அனுப்பிய கேள்வி குலுக்கலில் விழாமல் போன நாட்களில் அலுவலகமே சோர்ந்துவிடும். பூஜ்ய நேரத்தில் பேசுவதற்கும் சபை கூடுவதற்கு முன்பே எழுதிக்கொடுத்துக் காத்திருக்க வேண்டும். கிடைத்தால் இரண்டு மூன்று நிமிஷம். அந்த நிமிஷத்துக்காக முந்தின நாள் இரவு பன்னிரண்டு மணிவரை எம்.பி. போனில் எங்களிடம் விவரம் கேட்பார்: எத்தனை படகு, எத்தனை பேர், எத்தனை நாளாக? வெள்ளிக்கிழமை மதியத்துக்குமேல் அமைச்சர் அல்லாத எம்.பி.க்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்கள். அது முடிந்தால் மதுரைக்கு விமானம், அங்கிருந்து கார்.

சனி, ஞாயிறு ஓய்வு என்று நினைக்காதீர்கள். தொகுதிக்குள் வரும் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் மூன்று மாவட்டங்களில் விரிந்து கிடக்கின்றன. அறந்தாங்கி புதுக்கோட்டையில், திருச்சுழி விருதுநகரில், மீதி நான்கும் இராமநாதபுரத்தில். காலையில் முதுகுளத்தூரில் காதுகுத்து, மதியம் திருவாடானையில் துக்க வீடு, சாயங்காலம் ராமேஸ்வரம். வராவிட்டால் மறக்க மாட்டார்கள், அதிலும் துக்க வீட்டை.

தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி. ஆறு சட்டமன்றத் தொகுதிக்கும் பிரித்தால் ஒன்றுக்கு 83 லட்சம் சொச்சம். நிழற்குடை, ரேஷன் கடைக் கட்டடம், வலை பின்னும் கூடம், நாடக மேடை, உயர்கோபுர விளக்கு என்று மனுக்கள் குவியும். எம்.பி. பரிந்துரை மட்டும்தான் செய்வார், அனுமதியும் வேலையும் மாவட்ட நிர்வாகத்தின் கையில். கோயில், தர்கா, சர்ச் என்று வழிபாட்டு இடத்துக்கு இந்த நிதியைத் தொட முடியாது. சுற்றுச்சுவர் கேட்டு ஊர்ப் பெரியவர்கள் பத்துப் பேர் வேனில் வந்து நிற்கும்போது இதைச் சொல்வது லேசான காரியம் இல்லை.

அப்புறம் மருத்துவக் கடிதங்கள். பிரதமர் நிவாரண நிதிக்குப் பரிந்துரை கேட்டு வாரத்தில் ஏழெட்டுப் பேராவது வருவார்கள். மருத்துவமனையின் செலவு மதிப்பீடு அசலாக வேண்டும், வருமானச் சான்று வேண்டும், அந்த மருத்துவமனை இந்த நிதிக்கான பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சேர்ந்த புதிதில் கடைசி விஷயத்தைப் பார்க்காமல் ஒரு இதய அறுவைச் சிகிச்சைக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன். திரும்பி வந்தது. பன்னிரண்டு நாள் வீண். அந்தப் பெரியவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் அவருடைய மகள் அலுவலக வாசலில் நின்ற கோலம் எனக்கு மறக்கவில்லை. அதன் பிறகு பட்டியலை அச்செடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

கீழக்கரை, தொண்டிப் பக்கமிருந்து வருகிற அழைப்புகள் வேறு மாதிரி. வளைகுடாவில் வேலைக்குப் போனவர் இறந்துவிட்டார், உடலை ஊருக்குக் கொண்டுவர வேண்டும். தூதரகத்துக்கு மெயில், பாஸ்போர்ட் நகல், குடும்பத்தாரின் சம்மதக் கடிதம். இந்த வேலைக்கு ஞாயிறு, பண்டிகை எதுவும் கிடையாது.

மஞ்சள் பை அம்மாவின் மகன் ஒன்றரை மாதத்தில் விடுதலையாகிக் கொழும்பிலிருந்து சென்னைக்கு விமானத்தில் வந்தான். அங்கிருந்து மீன்வளத் துறை வேனில் ஊருக்கு. படகு வரவில்லை. அதற்கு அடுத்த திங்கள் காலை நான் அலுவலகத்தைத் திறக்கும்போது படகுக்காரர் பதிவுச் சான்றையும் வங்கிக் கடன் பாஸ்புக்கையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். அவருக்காக அந்த ஆண்டில் மட்டும் எட்டுக் கடிதம் அடித்தேன். நான் வேலையை விட்ட நாள்வரை படகு இலங்கைக் கரையில்தான் கிடந்தது.