எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பல வருடம் கழித்து எடை ஏறுகிறதா? கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் மேடம். ஆறு வருடத்துக்கு முன் ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுக்கும் அறுவை) செய்துகொண்டேன். 130 கிலோவிலிருந்து 80 வரை இறங்கினேன். இப்போது 88. பட்ட பாடெல்லாம் வீண்தானா?

பதில்: வீணே இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். இறங்கியது 50 கிலோ, திரும்பி வந்தது 8. அதாவது இழந்ததில் 16 சதவீதம். மீதி 42 கிலோ போனது போனதுதான். ஒன்றரை, இரண்டு வருடத்தில் எடை அடிமட்டத்தைத் தொட்டுவிட்டு அப்புறம் கொஞ்சம் மேலே வருவது பெரும்பாலோருக்கு நடக்கிறது. சுவீடனில் வருடக்கணக்காகத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், பைபாஸ் (இரைப்பையைச் சிறு பையாக்கி, நேரே குடலோடு இணைக்கும் அறுவை) செய்தவர்கள் முதல் ஓரிரு வருடத்தில் சராசரியாக 32 சதவீதம் குறைந்திருந்தார்கள். பத்தாவது வருடத்தில் அது 25 சதவீதம். எடை குறைந்த உடல் கலோரிச் செலவைச் சுருக்கிக்கொள்ளும், பசியையும் கூட்டும். அதனால் மன உறுதி இல்லை என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள்.

ஆனால் ஒன்று. 88-லேயே இரண்டு வருடமாக நிற்கிறீர்களா, அல்லது மூன்று மாதத்தில் மூன்று கிலோ கூடிக் கொண்டிருக்கிறதா? இரண்டும் வேறு வேறு பிரச்சினை. எடை எந்த மாதத்தில் ஏற ஆரம்பித்தது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். பழைய ரிப்போர்ட்களைத் தேடி எடுத்து, அந்த மாதத்தையும் அதற்கு முந்தைய மூன்று மாதத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். புது மாத்திரை, இரவு ஷிஃப்ட், முட்டி வலியால் நின்றுபோன நடை, பிரசவம், மாதவிடாய் நின்றது, வீட்டில் ஒரு சாவு என்று என்ன நடந்திருந்தாலும் எழுதுங்கள். பாதி விடை அந்தத் தாளிலேயே கிடைத்துவிடும்.

கேள்வி: இரைப்பை விரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஐந்து நாள் வெறும் திரவ உணவில் இருந்தால் பழைய அளவுக்குச் சுருங்கும் என்கிறார்களே?

பதில்: சுருங்காது. அந்த ஐந்து நாளில் இறங்குவது பெரும்பாலும் உடலில் உள்ள நீர். சாதாரணமாகச் சாப்பிட ஆரம்பித்ததும் திரும்ப வந்துவிடும். வருடங்கள் போகப் போக இரைப்பை ஓரளவு தளர்வது இயல்பு. அளவை விட முக்கியம், அதற்குள் என்ன போகிறது என்பது.

பிஸ்கட்டை டீயில் நனைத்துச் சாப்பிட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். வாயிலேயே கூழாகி, இரைப்பையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். அரை பாக்கெட் தீர்ந்தாலும் வயிறு நிறைந்த உணர்வு வராது. சிப்ஸ், ஐஸ்கிரீம், கேக் எல்லாம் இதே ரகம். அதே ஆள் ஒரு துண்டு கோழிக்கறியைத் தண்ணீர் குடிக்காமல், நன்றாக மென்று, இருபது நிமிடம் எடுத்துச் சாப்பிட்டால் சின்னத் தட்டிலேயே போதும் என்று ஆகிவிடும். அப்படி ஆகிறதென்றால் உங்கள் இரைப்பை வேலை செய்கிறது, மாற வேண்டியது தட்டில் இருப்பதுதான்.

முதலில் புரதம், அடுத்து காய், கடைசியில் இடமிருந்தால் மாவுச்சத்து. சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், முடித்து 30 நிமிடம் கழித்துக் குடியுங்கள். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது, அதனால் "காலையில் ஒரு முட்டை சாப்பிட்டேனே" என்று திருப்திப்பட்டுவிட முடியாது.

கெட்டியான உணவு சாப்பிட்டும் நிறையவே இல்லை என்றால் எண்டோஸ்கோபியும் பேரியம் எக்ஸ்ரேயும் பார்க்க வேண்டும். பைபாஸில் சிறு பைக்கும் குடலுக்கும் இடையிலான வாய் அகன்றிருக்கலாம். அபூர்வமாக, அந்தப் பைக்கும் பிரித்து விட்ட பழைய இரைப்பைக்கும் நடுவே மறுபடி ஒரு வழி திறந்திருக்கலாம்.

கேள்வி: வேளைக்குக் கொஞ்சம்தான் சாப்பிடுகிறேன். ஆனாலும் ஏறுகிறது.

பதில்: நம்புகிறேன். வேளைக்கு நடுவில் போவதைத்தான் பார்க்க வேண்டும். ஏழு நாள் எழுதுங்கள்: சமைக்கும்போது ருசி பார்த்த கரண்டி, குழந்தை மிச்சம் வைத்த வாய், சர்க்கரை போட்ட பானம் எல்லாமே. மது இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அறுவைக்குப் பின், குறிப்பாக பைபாஸில், மது வேகமாக ரத்தத்தில் ஏறும். இரண்டாம் வருடத்திலிருந்து அதற்கு அடிமையாகும் ஆபத்தும் கூடுகிறது. இது வெட்கப்பட வேண்டிய விஷயமல்ல, டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

கேள்வி: பைபாஸ் செய்து நாலு வருடம். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் கை நடுங்குது, வியர்க்குது. இனிப்பு சாப்பிட்டா சரியாகிடுது. 9 கிலோ ஏறிட்டேன்.

பதில்: உங்களுக்கு முதல் வேலை எடை அல்ல, இந்த நடுக்கம். மாவும் சர்க்கரையும் குடலுக்குச் சட்டென்று இறங்குவதால் இன்சுலின் அளவுக்கு மேல் சுரந்து, சாப்பிட்ட 1 முதல் 3 மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை தடாலென்று விழுகிறது. நீங்கள் இனிப்பு சாப்பிடுகிறீர்கள், ஏறுகிறது, மறுபடி விழுகிறது, மறுபடி இனிப்பு. அந்த 9 கிலோவில் பெரும்பங்கு இந்தச் சுழற்சியில் வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

நடுங்கும் அந்த நேரத்திலேயே விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பாருங்கள். 54 mg/dL-க்குக் கீழே இருந்தால் எண்ணையும் நேரத்தையும், அதற்கு முன் சாப்பிட்டதையும் குறித்து வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். உடனடிக்கு 15 கிராம் குளுக்கோஸ் போதும், பிறகு கொஞ்சம் புரதம். சர்க்கரையை மட்டும் சாப்பிட்டு விட்டுவிட்டால் திரும்ப விழும். மாவுச்சத்தைத் தனியாகச் சாப்பிடாமல், அளவைக் குறைத்து, எப்போதும் புரதத்தோடு சேருங்கள். இதற்கு அகார்போஸ் போன்ற மாத்திரைகளும் உண்டு. மயக்கம் வந்தாலோ வெறும் வயிற்றிலேயே சர்க்கரை இறங்கினாலோ தாமதிக்காதீர்கள். சரியாகும் வரை வண்டி ஓட்டாதீர்கள்.

கேள்வி: மிர்டாஸபின் (மனச்சோர்வு மாத்திரை) ஆரம்பித்த பிறகுதான் எடை ஏறுது. நிறுத்திடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தக் கூடாது. எழுதித் தந்த மனநல மருத்துவரிடம் இதே வாக்கியத்தைச் சொல்லுங்கள், மாற்று மருந்து இருக்கிறது. ஓலான்ஸபின், குவெட்டியாபின், வால்ப்ரோயேட், ப்ரீகாபலின், இன்சுலின், ஸ்டீராய்டு ஆகியவையும் எடையைக் கூட்டக்கூடியவை.

கேள்வி: எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்ளலாமா? இல்லை, இன்னொரு ஆபரேஷனா?

பதில்: ஆபரேஷனுக்கு முன் ஊசியை யோசிப்பது நியாயம். லிராகுளுடைடு, செமாகுளுடைடு, டிர்ஸெபடைடு மூன்றும் அறுவை செய்தவர்களுக்கும் பயன்படுகின்றன. செமாகுளுடைடை வாரம் ஒருமுறை 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நாலு வாரத்துக்கு ஒரு படியாக 0.5, 1, 1.7, 2.4 என்று ஏற்றுவார்கள். அவசரப்பட்டால் வாந்திதான் மிஞ்சும். ஏற்கெனவே குறைவாகச் சாப்பிடும் உங்களுக்கு வாந்தி சின்ன விஷயமல்ல. அது தொடர்ந்துகொண்டே போனால் வைட்டமின் பி1 தீர்ந்து, பார்வை இரட்டையாகலாம், நடை தள்ளாடலாம், புத்தி குழம்பலாம். அந்த நிலைக்குப் போகும் முன், வாந்தி இரண்டு மூன்று நாள் நீடித்தாலே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கணையம் வீங்கிய வரலாறோ, குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோயோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கர்ப்பம் தரிக்கத் திட்டமிட்டால் செமாகுளுடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். ஊசியை நிறுத்தினால் எடை திரும்பும் என்பதையும் தெரிந்துகொண்டே ஆரம்பியுங்கள்.

இரண்டாவது அறுவை முதலாவதை விடச் சிக்கல் கூடியது. ஸ்லீவ் செய்தவருக்கு எடையோடு கடுமையான நெஞ்செரிச்சலும் இருந்தால் பைபாஸாக மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது. பைபாஸில் அகன்றுபோன வாயை எண்டோஸ்கோபி வழியாகவே தைத்துச் சுருக்கும் முறையும் உண்டு.

கேள்வி: எடைதான் ஏறிவிட்டதே, இனி வைட்டமின் எதற்கு?

பதில்: குடலின் அமைப்பு மாறியது மாறியதுதானே? எடை ஏறிக்கொண்டே ரத்தசோகை வருவதும் எலும்பு தேய்வதும் நடக்கும். வருடம் ஒருமுறை ஃபெரிட்டின் (உடலில் இரும்புச்சத்து இருப்பு), பி12, வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன் பாருங்கள், தைராய்டையும் சேர்த்து. கால்சியம் சிட்ரேட்டை ஒரு வேளைக்கு 500 முதல் 600 மில்லிகிராமாகப் பிரித்து, இரும்புச்சத்து மாத்திரையிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

கேள்வி: எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

பதில்: குறைந்தபட்ச எடையிலிருந்து ஐந்து கிலோ ஏறியதும் போங்கள். இருபது ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள். விடாத வயிற்று வலி, கறுப்பு மலம், விழுங்குவதில் சிரமம் இருந்தால் எடை எவ்வளவாக இருந்தாலும் அன்றே போங்கள். மாத்திரைப் பட்டியல், ஏழு நாள் சாப்பாட்டுக் குறிப்பு, எடை எந்த மாதம் ஏறத் தொடங்கியது என்று எழுதிய அந்தத் தாள், மூன்றும் கையில் இருக்கட்டும்.