டாக்டர் சீட்டுக்காக வீட்டுப் பத்திரம் வேண்டாம், அண்ணாச்சி

மும்பை சயான் கோலிவாடாவில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் குடும்பம் ஒன்று போன ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்தது. மகள் நீட் தேர்வை இரண்டாம் முறை எழுதியிருக்கிறாள். அரசு சீட்டுக்கு மார்க் போதாது. அப்பாவின் மஞ்சள் பையில் அம்பாசமுத்திரம் பக்கம் இருக்கும் சொந்த வீட்டின் பத்திரம் இருந்தது. வெளிநாட்டு எம்பிபிஎஸ்-க்கு ஒரு ஏஜென்ட் கால் கோடி சொல்லியிருக்கிறார், முன்பணம் புதன்கிழமைக்குள் வேண்டுமாம். "நம்ம குடும்பத்துல ஒரு டாக்டர் வேண்டாமா?" என்று ஊரிலிருந்து பெரியப்பா தினமும் போன் செய்கிறார். மதினி அழுதுகொண்டே இருந்தார்கள். நானும் கால்மணி நேரம் "பார்க்கலாம், கவலைப்படாதீங்க" என்று ஆறுதல்தான் சொன்னேன். அது போதாது என்று வீடு திரும்பியதும் உறுத்தியது. ஆகவே எழுதுகிறேன்.

அண்ணாச்சி, பத்திரத்தைப் பெட்டியில் வையுங்கள். வெளிநாட்டில் படித்து வருகிறவர்கள் இங்கே மருத்துவம் பார்க்கத் தனியாக ஒரு தேர்வில் தேற வேண்டும். பெரும்பாலான முறை எழுதியவர்களில் பாதிப்பேர்கூடத் தேறுவதில்லை. அந்த ஏஜென்ட் இதை உங்களிடம் சொல்லவில்லை. கடனை அடைக்கப்போவது பெரியப்பாவும் அல்ல. மூன்றாம் முறை நீட் எழுதுவதைப் பற்றியும் நான் பேசப்போவதில்லை, ஏனென்றால் பாப்பாவே வேண்டாம் என்று தலையசைத்துவிட்டாள்.

அன்று அவள் வாய் திறந்தது ஒரே முறை. நியூ ஜெர்சி மாமா "கடையிலிருந்து வைட்டமின் மாத்திரை அனுப்புங்க, இங்கே நான் விற்கிறேன்" என்று கேட்ட கதையை நீங்கள் சொன்னபோது, "அங்கே அந்த மாத்திரைக்கு யாருப்பா பொறுப்பு?" என்று கேட்டாள். நீங்கள் "சும்மா இரு" என்றீர்கள். எனக்கு அந்தக் கேள்வியை விட முடியவில்லை. அமெரிக்காவில் 2011-ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம் கேட்பதே அதைத்தான். வெளிநாட்டில் செய்தவர் ஒழுங்காகச் செய்தாரா என்று சரிபார்த்து ஆவணம் வைத்திருக்கும் பொறுப்பு அங்குள்ள இறக்குமதியாளருடையது. மாமா டப்பாக்களை வரவழைத்து விற்றால் அந்தப் பொறுப்பு மாமாவின் தலையில்தான் விழும்.

இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதையே வேலையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ரெகுலேட்டரி அஃபேர்ஸ் என்பார்கள். மருந்து, சத்து மாத்திரை ஏற்றுமதி செய்யும் எந்தக் கம்பெனியும் இவர்கள் இல்லாமல் ஒரு பெட்டியைக்கூட நவ ஷேவா துறைமுகத்துக்கு அனுப்ப முடியாது.

ஒரு சாதாரண வைட்டமின் சி மாத்திரையை எடுத்துக்கொள்வோம். இங்கே அது உணவுச் சட்டத்தின் கீழ் வந்தால், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று அட்டையில் அச்சிட வேண்டும். அமெரிக்காவிலும் 1994 சட்டப்படி அது உணவு வகைதான். விற்குமுன் அரசு அனுமதி தேவையில்லை என்பதைக் கேட்டு ஏமாறுகிறவர்கள் பலர். ஆனால் தயாரிப்புக்கூடம் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.டி.ஏ.விடம் பதிவாகியிருக்க வேண்டும், அந்தப் பதிவை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சரக்கு வந்து இறங்குமுன் முன்னறிவிப்பு போக வேண்டும். "எதிர்ப்புச் சக்திக்குத் துணை நிற்கும்" என்று எழுதினால், எஃப்.டி.ஏ. இதை மதிப்பிடவில்லை என்ற வாசகத்தையும் சேர்த்து, விற்கத் தொடங்கிய 30 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். "சளியைக் குணமாக்கும்" என்று எழுதினாலோ சட்டத்தின் கண்ணில் அது மருந்தாகிவிடும், அனுமதி பெறாத மருந்து. ஒரு சொல்லுக்காகக் கண்டெய்னர் துறைமுகத்தில் நிற்கும், வாடகை ஏறிக்கொண்டே போகும்.

அதே மாத்திரை ஆஸ்திரேலியாவில் மருந்துச் சட்டத்துக்குள் வருகிறது. அங்குள்ள பதிவேட்டில் ஏறி, டப்பாவில் ஆஸ்ட் எல் (AUST L) என்ற பதிவு எண் இல்லாமல் விற்க முடியாது. கனடாவில் எட்டு இலக்க உரிம எண் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அது உணவுதான், ஆனால் 2006 சட்டத்தின்படி, உடல்நலப் பலன் பற்றி அனுமதிக்கப்பட்ட பட்டியலில் உள்ள வாசகங்களை மட்டுமே பயன்படுத்தலாம். மாத்திரைக்கு வெள்ளைப் பூச்சு தரும் டைட்டானியம் டையாக்சைடை அவர்கள் 2022-ல் உணவிலிருந்து விலக்கிவிட்டார்கள், அதனால் பூச்சையே மாற்ற வேண்டும். நம்மூர் அஸ்வகந்தாவை 2023-ல் டென்மார்க் தடை செய்தது. இத்தனையையும் படித்துப் புரிந்து, "இந்தச் சொல்லை எடுங்கள், இந்தச் சோதனை அறிக்கை இல்லாமல் அனுப்பாதீர்கள்" என்று மேலதிகாரியிடம் சொல்லும் தைரியமும் வேண்டும். அமெரிக்காவிலிருந்து வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் டப்பாக்களையும் நம் கடை டப்பாக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசங்களைப் பாப்பா நோட்டில் எழுதிவைத்திருப்பதாக மதினி குறைபோலச் சொன்னார்களே, அது குறையே இல்லை. அந்த நோட்டுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

வழி உங்கள் கைக்கு எட்டுவதுதான். பாப்பா மகாராஷ்டிர மாநில நுழைவுத் தேர்வான எம்எச்டி சிஇடியையும் பிசிபி (இயற்பியல், வேதியியல், உயிரியல்) பிரிவில் எழுதியிருக்கிறாள். நீங்கள் அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. கணிதம் இல்லாமலே அந்த மார்க்கில் மருந்தாளுநர் பட்டப்படிப்பான பி.ஃபார்ம் சேரலாம், படிப்பு நான்கு வருடம். மாட்டுங்காவில் 1933-ல் தொடங்கிய ஐ.சி.டி. என்னும் வேதியியல் தொழில்நுட்ப நிறுவனத்திலும் உண்டு, கலீனாவில் பாம்பே காலேஜ் ஆஃப் ஃபார்மசி இருக்கிறது, இரண்டும் வீட்டிலிருந்து போய்வரும் தூரம். அங்கெல்லாம் கிடைக்காவிட்டால் நவி மும்பைப் பக்கக் கல்லூரிகளைப் பார்ப்போம், ஆனால் நன்கொடை கேட்கிற இடம் வேண்டாம். பிறகு விருப்பமிருந்தால் எம்.ஃபார்மில் ரெகுலேட்டரி அஃபேர்ஸ் இரண்டு வருடம் படிக்கலாம். மூன்று மாதச் சான்றிதழுக்கு லட்சம் கேட்கிறவர்களிடம் இப்போதே போகாதீர்கள். அமெரிக்கச் சட்டமும் எஃப்.டி.ஏ. அனுப்பும் எச்சரிக்கைக் கடிதங்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவள் இன்றிரவே படிக்கத் தொடங்கலாம்.

ஒன்றை மறைக்க மாட்டேன். தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது. நாள் முழுக்க ஆங்கில ஆவணங்களைப் படிக்கும் வேலை, அதில் பிடிப்பில்லாதவர்களுக்கு நரகம். வேறொரு பிள்ளையாக இருந்தால் நானே வேண்டாம் என்பேன். கல்யாண வீட்டில் "பொண்ணு என்ன பண்ணுது?" என்று கேட்டால் ஒரே வார்த்தையில் உங்களால் சொல்ல முடியாது, அதையும் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். மாமாவின் வியாபாரத்தை அவள் படிப்போடு முடிச்சுப் போடாதீர்கள். அவள் தேறி நான்கைந்து வருடம் வேலை பார்த்தபின், அவளே விரும்பினால் பேசிக்கொள்ளலாம்.

புதன்கிழமை முன்பணம் கட்ட வேண்டாம். பெரியப்பா மறுபடி போன் செய்தால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசுகிறேன். கல்லூரி இடம் ஒதுக்கும் கேப் ரவுண்டுக்கு டொமிசைல் (இருப்பிடச்) சான்றிதழ் தேவைப்படலாம், நாளையே அதற்கு எழுதிப்போடுங்கள். அடுத்த ஞாயிறு பாப்பா மட்டும் வரட்டும், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு.