பெரியம்மாவின் டிவி, இணையச் செலவைக் குறைப்பது எப்படி?

கேள்வி: என் பெரியம்மாவுக்கு 74 வயது. தஞ்சாவூரில் தனியாக வசிக்கிறார். டிடிஎச் ரீசார்ஜுக்கு மாதம் 480 ரூபாய், பிராட்பேண்டுக்கு 943 ரூபாய், இவை தவிர செல்போன் ரீசார்ஜ். பெங்களூரிலிருந்து நான்தான் கட்டி வந்தேன். இனி தன் குடும்ப ஓய்வூதியத்திலிருந்து தானே கட்டுவதாகச் சொல்கிறார். காலையில் பக்திப் பாடல், மாலையில் சீரியல், இரவுச் செய்தி, வெளிநாட்டில் இருக்கும் மகளுடன் அவ்வப்போது வீடியோ அழைப்பு. அவருடைய பயன்பாடு இவ்வளவுதான். செலவைக் குறைக்க என்ன வழி?

பதில்: மாதம் 650 ரூபாய்க்கு மேல் குறைக்க வழி இருக்கிறது. அதற்காக அவர் விரும்பிப் பார்க்கும் ஒரு நிகழ்ச்சியைக்கூட இழக்க வேண்டியதில்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு நாள் முழுக்க அவர் என்னென்ன பார்க்கிறார் என்று உடனிருந்து கவனித்து எழுதிக்கொள்ளுங்கள். ‘எந்தெந்தச் சேனல் வேண்டும்’ என்று கேட்டால் வயதானவர்கள் பெரும்பாலும் ‘எது இருந்தாலும் சரி’ என்றுதான் சொல்வார்கள். பிறகு ஏழு மணி சீரியல் வராமல் போனால், உங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். அந்த நிலை வரக் கூடாது என்பதுதான் எனக்கு முக்கியம்.

முதலில் டிவி. தொலைத்தொடர்பு, டிவி சேவைகளை ஒழுங்குபடுத்தும் டிராய் அமைப்பின் புதிய கட்டண முறை 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த பிறகு, நாம் கட்டும் தொகையில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, என்சிஎஃப் எனப்படும் அடிப்படை இணைப்புக் கட்டணம். இரண்டாவது, நாம் தேர்ந்தெடுக்கும் கட்டணச் சேனல்களின் விலை. இரண்டுக்கும் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. என்சிஎஃப் 130 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று முன்பு உச்சவரம்பு இருந்தது. 2020இல் அதே தொகைக்கு 200 சேனல்கள் என்று ஆனது. 2024 ஜூலையில் டிராய் அந்த வரம்பை நீக்கிவிட்டதால், இப்போது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடலாம். உங்கள் பெரியம்மாவின் கணக்கில் அது எவ்வளவு என்பதை நிறுவனத்தின் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

480 ரூபாய் ஆவதற்குக் காரணம் அநேகமாக நிறுவனமே கட்டிக் கொடுத்த பெரிய தொகுப்பு ஒன்று. அதில் விளையாட்டு, ஆங்கிலப் படம், குழந்தைகள் சேனல், இந்திச் சேனல் எல்லாம் இருக்கும். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தபோது போட்டு, அவர்கள் போன பிறகும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும் தொகுப்புகளைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். எச்டி சேனல்களும் அப்படித்தான். அதே சீரியல் சாதாரண எஸ்டி சேனலில் குறைந்த விலைக்கு வருகிறது. சேனல் எண்ணிக்கையைக் கணக்கிடும்போது ஒரு எச்டி சேனல் இரண்டாகவும் எண்ணப்படுகிறது. 32 அங்குல டிவியை எட்டடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும் 74 வயதுக் கண்களுக்கு அந்தக் கூடுதல் தொகை தேவையே இல்லை.

தமிழ்ச் செய்திச் சேனல்கள் பெரும்பாலும் இலவசம். முன்பு பொதிகை என்றிருந்த டிடி தமிழும் அப்படியே. ஆகவே அவருக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டியவை சீரியல் வரும் ஓரிரு பெரிய சேனல்களும், ஒரு திரைப்படச் சேனலும், ஒரு பாட்டுச் சேனலும்தான். தொகுப்பில் சேர்க்கப்படும் சேனலின் தனி விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது விதி; முன்னணிச் சேனல்கள் இந்த விலையை ஒட்டியே இருக்கின்றன. அப்படி ஐந்து சேனல்கள் எடுத்தாலும் 95 ரூபாய். என்சிஎஃப் 130 என்று வைத்துக்கொண்டால் 225, ஜிஎஸ்டியோடு 265 ரூபாய் 50 காசு. ஒரே குழுமத்தின் மூன்று நான்கு சேனல்கள் வேண்டுமென்றால் தனித்தனியாக வாங்குவதைவிட அந்தக் குழுமத்தின் சிறிய தமிழ்த் தொகுப்பு மலிவாக இருக்கும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். மாடியிலோ இன்னொரு அறையிலோ யாரும் பார்க்காத இரண்டாவது டிவிக்குத் தனி இணைப்பு ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். இருந்தால் அதை உடனே துண்டிக்கச் சொல்லுங்கள். மகள் வீட்டுக்கு ஒன்றிரண்டு மாதம் போகும்போது, துண்டிக்காமலேயே சேவையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கக் கேட்கலாம். அது சந்தாதாரரின் உரிமை.

டிடிஎச்சை விட்டுவிட்டு டிடி ஃப்ரீ டிஷ் வாங்கலாமே என்று சிலர் சொல்வார்கள். டிஷ்ஷுக்கும் பெட்டிக்கும் ஒருமுறை செலவு, பிறகு மாதக் கட்டணமே கிடையாது. ஆனால் அதில் இந்திச் சேனல்களே அதிகம். தமிழ் சீரியல் பார்ப்பவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அரசு கேபிளும் உள்ளூர் கேபிளும் யோசிக்க வேண்டியவை. கார்த்திகை அடைமழையில் டிஷ்ஷில் சிக்னல் போய்விடும் ஊர் அது. பெட்டி பழுதானால் தெருமுனையிலிருந்து கேபிள்காரர் வந்து பார்ப்பது, தனியாக இருக்கும் ஒருவருக்குப் பெரிய உதவி. அக்கம்பக்கத்தில் விசாரித்து, நல்ல ஆள் என்றால் மாறுங்கள்.

இணையம் இருக்கிறதே, டிவி இணைப்பையே எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஸ்மார்ட் டிவி செயலிகளில் பார்க்கலாமா? கணக்குப்படி லாபம்தான். பிஎஸ்என்எல்கூட 2024 இறுதியில் தன் ஃபைபர் வாடிக்கையாளர்களுக்காகத் தமிழ்நாட்டில் இணையவழி டிவி சேவையைத் தொடங்கியிருக்கிறது. ஆனாலும் இவர் விஷயத்தில் நான் வேண்டாம் என்பேன். பல ஆண்டுகளாக எண்ணை அழுத்திச் சேனல் மாற்றிப் பழகிய விரல்கள் அவை. செயலியைத் திறந்து, கணக்குக்குள் நுழைந்து, தேடி எடுப்பது ஒவ்வொரு மாலையும் அவருக்குச் சோதனையாகும். இணையம் நின்றால் டிவியும் நின்றுவிடும். அவரே ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டால் பிறகு மாற்றலாம்.

அடுத்தது பிராட்பேண்ட். பெரிய மிச்சம் இங்கேதான் இருக்கிறது. 943 ரூபாய் என்றால் 799 ரூபாய்த் திட்டமும் அதற்கான ஜிஎஸ்டியும். இந்த விலையில் பொதுவாக 100 எம்பிபிஎஸ் வேகம் தருவார்கள். தெளிவான எச்டி வீடியோவுக்கு 5 எம்பிபிஎஸ் போதும். வீடியோ அழைப்புக்கும் ஏறக்குறைய அவ்வளவே. ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு 30 எம்பிபிஎஸ் தாராளம். அந்த வேகத்தில் 399 ரூபாய்க்கும் திட்டம் இருக்கிறது, ஜிஎஸ்டியோடு 471 ரூபாய். முதலில் இப்போதைய நிறுவனத்தையே அழைத்து, அடுத்த சுழற்சியிலிருந்து குறைந்த திட்டத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். அவர்களிடம் இல்லையென்றால் அந்தத் தெருவில் வேறு யாருடைய ஃபைபர் வருகிறது என்று பாருங்கள். ஆறு மாதம், ஒரு வருடம் என்று முன்பணம் கட்டினால் சலுகை தருவார்கள். முதல் இரண்டு மூன்று மாதம் மாதாமாதம் கட்டி, இணைப்பு ஒழுங்காக இருக்கிறது என்று தெரிந்த பிறகு அதற்குப் போங்கள். வீடியோ அழைப்பு அடிக்கடி உறைந்து நிற்கிறது என்று அவர் சொல்லியிருந்தால், வேகம் போதவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ரவுட்டர் ஹாலில் இருக்க, அவர் சமையலறையில் நின்று பேசுவதே பல வீடுகளில் காரணம். ரவுட்டரை இடம் மாற்றிப் பார்க்கச் செலவே இல்லை.

செல்போனில் இன்னொரு வழி இருக்கிறது. வீட்டில் வைஃபை உள்ளவர்களும் முதியவர்களும் தேவையில்லாத டேட்டாவுக்குப் பணம் கட்டுகிறார்கள் என்பதால், பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான ரீசார்ஜ் ஒன்றையாவது நிறுவனங்கள் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதித்தது. 365 நாள்வரை செல்லுபடியாகும் ரீசார்ஜுக்கும் அதில் இடம் உண்டு. வெளியே போனால் வாட்ஸ்அப், யுபிஐ வேலை செய்யாது என்பதை மட்டும் அவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

அவருடைய போனில் யுபிஐ செயலியைத் திறந்து, கணக்கிலிருந்து தானாகவே பணம் எடுக்க அனுமதி கொடுத்திருக்கும் ஆட்டோபே பகுதியையும் பாருங்கள். என்றோ இலவச மாதம் என்று தொடங்கிய ஓடிடி சந்தா அங்கே ஓடிக்கொண்டிருக்கலாம். போனிலிருந்து செயலியை நீக்கினாலும் சந்தா நிற்காது. அனுமதியைத்தான் ரத்து செய்ய வேண்டும்.

இந்த வேலைகளையெல்லாம் நீங்களே உடனிருந்து செய்யுங்கள். கூகுளில் தேடிக் கிடைக்கும் ‘கஸ்டமர் கேர்’ எண்களில் மோசடி எண்களும் கலந்திருக்கின்றன. ரசீதிலோ நிறுவனத்தின் இணையதளத்திலோ உள்ள எண்ணை மட்டும் அழையுங்கள். பேக் மாற்றித் தருகிறேன் என்று யாராவது அழைத்து ஓடிபி கேட்டால், அல்லது ஏதாவது செயலியை நிறுவச் சொன்னால், போனை வைத்துவிடச் சொல்லிக்கொடுங்கள். பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. நிறுவனம் புகாரைக் கண்டுகொள்ளாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இணைப்பு யார் பெயரில், எந்த செல்போன் எண்ணில் பதிவாகியிருக்கிறது என்று ஊருக்குப் போகும் முன்பே கேட்டுவிடுங்கள். பெரியப்பாவின் பெயரிலும் இப்போது செயல்படாத அவருடைய எண்ணிலும் இருந்தால், ஓடிபி வராமல் எதையும் மாற்ற முடியாது. பெரியப்பாவின் இறப்புச் சான்றிதழ் நகலையும் பெரியம்மாவின் ஆதார் நகலையும் எடுத்துக்கொண்டு நிறுவன அலுவலகத்துக்கு ஒருமுறை நேரில் போய்ப் பெயர் மாற்றிவிடுங்கள். நிறுவனத்தையே மாற்றுவதாக இருந்தால், புதிய இணைப்பு ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகு பழையதைத் துண்டியுங்கள். ரவுட்டரைத் திருப்பிக் கொடுக்கும்போது கையொப்பமிட்ட ரசீது வாங்குங்கள். வைப்புத்தொகை கட்டியிருந்தால் அதைத் திரும்பக் கேட்க அந்த ரசீது வேண்டும்.