பெருந்தொற்று நேரத்தில் உழவர் சந்தைகளை மூடிவிட்டு சூப்பர் மார்க்கெட்டுகளை மட்டும் திறந்து வைத்தால் என்ன?

மூடக் கூடாது என்பது என் கட்சி. ஆனால் 2020 ஏப்ரலில் இதையே என்னிடம் கேட்டிருந்தால் "இன்றைக்கே மூடுங்கள்" என்றிருப்பேன்.

அப்போது ஒரு காய்கறிச் சந்தையில் டோக்கன் கொடுக்கும் தன்னார்வலராக நின்றுகொண்டிருந்தேன். ஆறடிக்கு ஒன்றாகச் சுண்ணாம்பு வட்டம் போட்டிருந்தோம். காலை ஏழரை வரை எல்லாரும் ஒழுங்காக வட்டத்துக்குள் நின்றார்கள். வெயில் ஏறியதும் வெயிலில் இருந்த வட்டமெல்லாம் காலி, நிழலில் இருந்த ஒவ்வொரு வட்டத்திலும் ஐந்து பேர். ஜனங்களுக்குப் பொறுப்பே இல்லை என்று திட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வரிசையை நிழல் பக்கமாக அமைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பது உறைக்கச் சில வாரம் ஆனது.

சந்தை என்றாலே பயம் வந்ததற்குக் காரணம் இருக்கத்தான் செய்கிறது. வூகானின் ஹுவானான் கடலுணவுச் சந்தையை 2020 ஜனவரி 1 அன்று மூடினார்கள். மே 5 அன்று சென்னை கோயம்பேடு. ஜூன் 13 அன்று பெய்ஜிங்கின் சின்ஃபாதி. ஆனால் இந்த மூன்றும் மொத்த விற்பனைச் சந்தைகள், உழவர் சந்தைகள் அல்ல. இந்த வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. மொத்தச் சந்தை குடத்தின் கழுத்து மாதிரி. ஒரு மாநகரம் சாப்பிடுவதில் பெரும்பகுதி அது வழியாகத்தான் போக வேண்டும். ராத்திரி முழுக்க லாரி வரும், மூட்டை இறங்கும், காது கேட்காத இரைச்சலில் முகத்துக்கு முகம் பேரம் நடக்கும். விடிந்தால் அத்தனை பேரும் அவரவர் ஊருக்குக் கலைந்து போவார்கள். கோயம்பேட்டில் வேலை செய்தவர்கள் கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று ஊர் திரும்பிய பிறகுதான் அங்கெல்லாம் தொற்று எண்ணிக்கை ஏறியது.

உழவர் சந்தையில் அந்தக் கழுத்து கிடையாது. விளைவித்தவரே வருகிறார், சுற்றுவட்டாரத்தார் வாங்குகிறார்கள். அங்கே ஒருவருக்குத் தொற்று இருந்தால் யார் யாரைத் தேட வேண்டும் என்பது ஓரளவு தெரியும். பெரும்பாலும் திறந்த வெளி வேறு. காற்றில் பரவும் நோய்க்கு அதுவே பெரிய பாதுகாப்பு. குளிரூட்டிய கட்டடத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கும் விற்பனையைப் பாதுகாப்பானது என்றும், கூரையில்லாத மைதானத்தில் நடப்பதை ஆபத்து என்றும் பல அரசுகள் முடிவெடுத்ததை இன்று நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. நோய் எப்படிப் பரவுகிறது என்று அப்போது தெளிவில்லை, ஒப்புக்கொள்கிறேன். எல்லாரும் பையையும் பழத்தையும் கழுவிக்கொண்டிருந்த காலம். சில சந்தை வாசல்களில் கிருமிநாசினிச் சுரங்கம் கட்டி ஆட்களை நனைத்து அனுப்பினார்கள். மனிதர்கள் மேல் அடிக்க வேண்டாம் என்று மத்திய சுகாதார அமைச்சகமே ஏப்ரலில் சொல்ல வேண்டி வந்தது.

பிரான்ஸ் 2020 மார்ச் 23 அன்று திறந்தவெளிச் சந்தைகளை மூடுவதாக அறிவித்தது. மேயர் கேட்டால் அந்த ஊருக்கு மட்டும் விலக்கு தரலாம் என்று கூடவே ஒரு வழியும் வைத்தது. சில கிராமங்களுக்குப் புதுக் காய்கறி வர அந்தச் சந்தையை விட்டால் வேறு வழியில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். தென்னாப்பிரிக்காவில் மார்ச் 27 அன்று ஊரடங்கு தொடங்கியபோது சூப்பர் மார்க்கெட்டுகள் திறந்திருந்தன, தெருவோர உணவு வியாபாரிகளுக்கு அனுமதி இல்லை. ஏப்ரல் 2 அன்று, அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு விற்கலாம் என்று விதியை மாற்றினார்கள். பஸ் ஓடாத நேரத்தில் தொலைவில் உள்ள பெரிய கடை திறந்திருந்து, நடந்து போகும் தூரத்தில் இருந்த வியாபாரி காணாமல் போனால் காரில்லாதவர் எங்கே போவார்?

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது பெரு. அந்த நாடு மார்ச் நடுவிலேயே கடுமையான ஊரடங்கு போட்டது, யாரும் அலட்சியம் என்று சொல்ல முடியாது. அப்படியும் தலைநகர் லிமாவின் ஒரு மொத்தப் பழச் சந்தையில் வியாபாரிகளைப் பரிசோதித்தபோது பத்துக்கு ஏறக்குறைய எட்டுப் பேருக்குத் தொற்று தெரிந்தது. அப்போது அந்த நாட்டில் கிட்டத்தட்டப் பாதி வீடுகளில் ஃபிரிட்ஜ் இருக்கவில்லை. தினக்கூலிக்காரர் கையில் ஒரு வாரத்துக்கான பணமும் மொத்தமாக இருக்காது. "வாரம் ஒருமுறை போய் வாங்கி வையுங்கள்" என்ற அறிவுரை இவர்களுக்கு என்ன பயன்? அன்றாடம் போய்த்தான் ஆக வேண்டும். கூட்டத்தைக் குறைக்க ஒரு நாள் ஆண்கள், மறுநாள் பெண்கள் என்று ஏப்ரலில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். வீட்டுச் சாமான் வாங்குவது யார் தலையில் விழுந்திருக்கிறது என்று யோசிக்கவில்லை போலும்! பெண்களுக்கான நாளில் சந்தை பிதுங்கியது. பத்து நாள்கூடத் தாங்காமல் விதியைக் கைவிட்டார்கள்.

நேரத்தைக் குறைப்பதும் இதே கதைதான். பன்னிரண்டு மணி நேரத்தில் வருகிற அதே ஆட்களை நான்கு மணி நேரத்துக்குள் வரச் சொன்னால் கூட்டம் மூன்று மடங்காகும், வேறென்ன ஆகும்? பத்துச் சந்தையில் எட்டை மூடினாலும் அந்த எட்டுக்குப் போனவர்களுக்கும் பசிக்கத்தான் செய்யும்.

உருப்படியாகச் செய்தவர்களும் உண்டு. மியான்மரில் கலா என்ற மலையூரில் சந்தையையே சாலைக்குக் கொண்டுவந்து, வெள்ளைக் கோடு போட்டு, கடைக்குக் கடை தாராளமாக இடம் விட்டு உட்கார வைத்தார்கள். தமிழ்நாட்டில் பேருந்துகள் ஓடாததால் பேருந்து நிலையங்களே காய்கறிச் சந்தையாயின. இரண்டிலும் பெரிய செலவோ தொழில்நுட்பமோ இல்லை.

இடம் கிடைத்தால் மட்டும் போதாது, ஏழைகள் அங்கே வாங்க முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் அரசு உணவு உதவி அட்டையைப் பல உழவர் சந்தைகள் ஏற்கின்றன. 2009இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய 'டபுள் அப் ஃபுட் பக்ஸ்' திட்டத்தில் அந்த அட்டையால் காய்கறி, பழம் வாங்கினால் ஈடாகக் கூடுதல் தொகை தருகிறார்கள். ஆனால் 2020இல் அதே அட்டையை இணையக் கொள்முதலுக்கு அவசரமாக விரிவாக்கியபோது முதலில் உள்ளே வந்தவை பெரிய நிறுவனங்கள். சிறு விவசாயி வெளியே நின்றார்.

உழவர் சந்தை இருந்தால் ஊரே சாப்பிட்டுவிடும் என்று சொல்ல வரவில்லை. தானியமும் பருப்பும் எண்ணெயும் நீண்ட சங்கிலியில்தான் வருகின்றன, அந்தச் சங்கிலி அறுந்தால் கீரைக்கட்டு காப்பாற்றாது. விற்பவர்களில் வயதானவர்கள் நிறைய, அவர்களுக்குத்தான் நோயின் ஆபத்தும் அதிகம். காலராவைப் போல நீரால் பரவும் நோய் வந்தால் என் திறந்தவெளி வாதம் அப்படியே செல்லாது. அங்கே முதலில் கேட்க வேண்டியது சந்தைக்கு வரும் தண்ணீரைப் பற்றி.

நானே மூடச் சொல்லும் இடமும் ஒன்று உண்டு. கூரை போட்ட, சந்து சந்தாக நெருக்கிய மொத்தச் சந்தையில் தொற்று தெரிந்தால் அன்றே மூடட்டும். ஆனால் மாற்று மைதானம் அதற்கு முந்தின நாளே தயாராக இருக்க வேண்டும். கோயம்பேட்டை மூடிச் சில நாள் கழித்துத்தான் திருமழிசையில் தற்காலிகச் சந்தை திறந்தது. அதுவும் திறந்தவெளிதான், காற்று தாராளம். மழை பெய்தால் முழங்கால் வரை சேறு என்று வியாபாரிகள் புலம்பினார்கள். தரைக்குக் கொஞ்சம் ஜல்லி கொட்டியிருக்கலாம்.